வளைகாப்புத் தட்டில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சமுதாய வளைகாப்பு நடத்தும் அலுவலர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் வைக்கும் சீர்த்தட்டில் வளையல், மஞ்சள், குங்குமம், பூ, பழம் எல்லாம் இருக்கின்றன. அதோடு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். 200 ரூபாய்க்குள் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது.

வளைகாப்புப் பந்தலில் கர்ப்பிணியோடு அவளுடைய அம்மாவும் மாமியாரும் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைக்கு என்ன வாங்குவது, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது என்று முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

நம் வீடுகளில் பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துத்தான் பார்க்கிறோம். நடவு வயலிலிருந்து கரையேறி வந்த கை சில்லிட்டிருக்கும். அந்தக் கைக்குப் பிள்ளையின் உடம்பு சுடும். அடுப்படியிலிருந்து வந்த கைக்கு அதே பிள்ளை குளிர்ச்சியாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. வேதாரண்யம் பக்கத்து உள்கிராமத்தில் ராத்திரி நேரம் தண்ணீர் நிற்கும் சாலையில் கிளம்புவதா, விடியட்டும் என்று இருப்பதா? அந்த முடிவுக்குக் கைக்கணக்கு போதாது.

சொல்லிக்கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான். முனையை அக்குளின் நடுவில் வைத்து, பிள்ளையின் கையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பீப் சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். குளிப்பாட்டிய உடனே பார்க்கக் கூடாது. 97.7 முதல் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் சரி. அதற்குக் கீழே போனால் ஈரத்துணியை மாற்றி, தாயின் வெறும் மார்போடு அணைத்து, மேலே போர்த்த வேண்டும். அப்படியும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரிதான். 99.5-ஐத் தாண்டினால், கனமாகச் சுற்றிய துணியைத் தளர்த்திச் சற்று நேரத்தில் மறுபடி பார்க்கலாம். அப்போதும் இறங்காவிட்டால், இரண்டு மாதம் நிறையாத பிள்ளைக்கு வீட்டில் எந்த மருந்தும் கொடுக்காமல் உடனே கிளம்ப வேண்டும். இன்னொன்றை அழுத்திச் சொல்லுங்கள்: தொற்று இருந்தும் பச்சைக் குழந்தைக்குச் சூடு ஏறாமல் போகலாம். பால் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழைக்கட்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவிக்கும் தாய்க்கென 2015-இல் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள். துண்டு, சட்டை, வலை, நகவெட்டி வரை யோசித்துச் சேர்த்தார்கள். நல்ல திட்டம். அந்தப் பட்டியலில் தெர்மாமீட்டர் இல்லை.

அப்புறம், சொந்தபந்தம் என்ன வாங்கித் தரலாம் என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள். பவுடர் டப்பா வேண்டாம். அந்தத் தூசு பிள்ளையின் மூச்சில் போகும். நடைவண்டி என்று கடைகளில் விற்கும் சக்கர வாக்கர் வேண்டவே வேண்டாம். திண்ணை, வாசற்படி, கொல்லைக் கிணறு, பின்னால் வாய்க்கால் என்று இருக்கிற நம் வீடுகளில் அதில் உட்கார்ந்த பிள்ளை கண் இமைக்கும் நேரத்தில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். அந்தக் காசுக்கு நல்ல குடைக் கொசுவலையும் பருத்தித் துணியும் வாங்கலாம்.

தெர்மாமீட்டரில் இருக்கும் பொத்தான் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் ஆபத்து. வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இந்த மழைக்காலத்துக்கு முன் நடக்கும் வளைகாப்புகளிலேயே தொடங்குங்கள். நிதி ஒதுக்கீடு வரத் தாமதமானால் ஊராட்சியிடமும் உள்ளூர்க் கடைக்காரர்களிடமும் கேளுங்கள், கொடுப்பார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் என்னைப்போல் ஓய்வு பெற்ற செவிலியர்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் இருக்கிறோம். கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருத்துறைப்பூண்டி வட்டாரம்