திரும்பி இறங்கும் முடிவை ஊரிலேயே எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்வுகள் முடிந்த கையோடு நண்பர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து இமயமலைக்குப் புறப்படுவது நம் நெல்லைச் சீமையிலும் இப்போது வழக்கமாகி வருகிறது. முன்பெல்லாம் பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகு காசிக்கும் பத்ரிநாத்துக்கும் போன பெரியவர்களையே நாம் வழியனுப்பி வைத்தோம். இன்று அம்பாசமுத்திரத்திலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் இருபது வயது இளைஞர்கள் உத்தரகண்டின் கேதார்கந்தாவுக்கும் மணாலிக்கு அருகிலுள்ள ஃப்ரெண்ட்ஷிப் சிகரத்துக்கும் போய்வருகிறார்கள். நண்பர்களோடு பனிமலை ஏறியவன் என்ற முறையில் இந்த ஆர்வம் எனக்கு மகிழ்ச்சியே தருகிறது. அவர்களைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. எந்த அறிகுறி தென்பட்டால் ஏறுவதை நிறுத்துவது, யார் சொன்னால் மறுபேச்சின்றி எல்லோரும் இறங்குவது என்பதைப் பேசி முடிவு செய்யாமலே பல குழுக்கள் ரயில் ஏறிவிடுகின்றன. அதுவே என் கவலை.

நம் ஊர் மலைகளில் பழகியவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். மாஞ்சோலை, குதிரைவெட்டி, களக்காடு என்று சிறு வயதிலிருந்தே மலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கபடியில் உரமேறிய கால்கள் நம் பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால், கயிலையில் திரண்ட கூட்டத்தால் வடக்கு தாழ்ந்தபோது உலகைச் சமன்செய்ய அகத்தியர் வந்தமர்ந்ததாக நாம் போற்றும் பொதிகையின் உச்சியே 1,868 மீட்டர்தான். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். உயர்மலை நோய் எனப்படும் பாதிப்போ பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது. ஆகவே இங்கே எத்தனை முறை ஏறி இறங்கியிருந்தாலும், பனிமலை உயரத்தில் தன் உடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நெல்லைக்காரர் ஒருவர் ஊரில் இருந்தபடியே அறிந்துகொள்ள வழியில்லை. ஃப்ரெண்ட்ஷிப் சிகரத்தின் உயரம் 5,289 மீட்டர்.

அவ்வளவு உயரத்தில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை. நூற்றுக்கு இருபத்தொன்று என்பது தாமிரபரணிக் கரையிலும் பனிச்சிகரத்திலும் ஒன்றுதான். குறைவது காற்றழுத்தம். ஏறத்தாழ 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டிய பின் ஓர் இரவு தூங்கும் இடத்துக்கும் மறு இரவு தூங்கும் இடத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் உயரம் கூடக் கூடாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒரு நாள் ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்று மலை மருத்துவ வல்லுநர்கள் வகுத்த நெறி இதனால் வந்ததே. உடற்பயிற்சி செய்தவரை இந்நோய் அண்டாது என்ற நம்பிக்கை தவறானது. வலுவுள்ளவர் வேகமாக ஏறி, உடல் பழகுவதற்கு முன்பே மேலே போய்விடுவதால் அவருக்கு ஆபத்து கூடவும் செய்யலாம்.

தலைவலி, குமட்டல், பசியின்மை என்று தொடங்கும் நிலையில், மேலே ஏறாமல் அங்கேயே தங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பொருட்படுத்தாமல் ஏறினால் நுரையீரலில் நீர் கோத்து, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். அல்லது மூளையில் வீக்கம் ஏற்பட்டு நடை தள்ளாடும், பேச்சு குழறும். ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் இது தெரிந்துவிடும். தடுமாறுகிறவரை நள்ளிரவானாலும் கீழே இறக்கியாக வேண்டும். ஆக்சிஜனும் மருந்தும் அந்நேரத்தில் துணைசெய்யும். ஆனால் இறங்குவதற்கு அவை ஈடாகா. யாரோ சொன்னார்கள் என்று, உயர்மலை நோயைத் தடுக்கத் தரப்படும் அசெட்டசோலமைடு மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவதும் சரியன்று. சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இவற்றைப் படித்தும் தெரிந்துகொள்ளலாம். ஆனால், நண்பர்கள் சேர்ந்து போகும்போது படித்தது வாய்க்கு வருவதில்லை. சோலாங் பள்ளத்தாக்கிலிருந்து பக்கர்தாச் வழியாக ஃப்ரெண்ட்ஷிப் சிகரத்துக்கு நாங்கள் ஏறியபோது, மேல் முகாமில் கல்லிடைக்குறிச்சி நண்பர் ஒருவர் இரவு உணவைத் தொடவில்லை. கூடாரத்தில் உடன் படுத்திருந்தவரிடம், "சும்மா தலவலிதாம்ல, யார்ட்டயும் சொல்லிராத" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தன்னால் மற்றவர்களின் பயணம் கெட்டுவிடக் கூடாது என்று இவர் மறைத்தார்; நண்பனின் ஆசையைக் கெடுக்க மனமில்லாமல் அவரும் வாய்திறக்கவில்லை. இரண்டும் அன்புதான், அதனால்தான் ஆபத்து. காலணிக் கயிற்றைக் கட்ட முடியாமல் அவருடைய விரல்கள் தடுமாறுவதை உள்ளூர் வழிகாட்டியே கண்டுபிடித்து, நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, உடனே இறங்க வேண்டும் என்றார். வழிகாட்டியின் சொல்லே முடிவு என்று பாளையங்கோட்டையில் பயணத்தைத் திட்டமிட்ட நாளிலேயே நாங்கள் பேசி வைத்திருந்ததால், அந்த இருட்டில் விவாதம் எழவில்லை, எல்லோரும் இறங்கினோம். சோலாங்குக்கு வந்து சேர்ந்தபோது அவரே டீ கேட்டு வாங்கிக் குடித்தார். பின்னர் அதே நண்பர்களோடு, வழியில் கூடுதல் நாள்கள் தங்கி, அதே சிகரத்தில் ஏறி நின்று ஹனுமான் திப்பா, இந்திராசன் சிகரங்களைப் பார்த்தபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சியை எந்தப் பிள்ளையும் இழக்க வேண்டியதில்லை.

பனியில் நேரமும் ஒரு சட்டம். இரவுக் குளிரில் இறுகிக் கிடக்கும் பனி வெயில் ஏறியதும் இளகிக் கால் புதையும், சரிவுகள் நழுவும், வெடிப்புகளை மூடியிருக்கும் பனிப் படலமும் வலுவிழக்கும். அதனால்தான் நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு, குறித்த மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் அது கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்ப வேண்டும் என்கிறார்கள். பயிற்சி பெறுவோரையும் மலை விட்டுவைப்பதில்லை: 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகண்டின் திரௌபதி கா தண்டா சிகரப் பகுதியில் ஏற்பட்ட பனிச்சரிவு, உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழுவில் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அத்தகைய நிறுவனத்தின் குழுவுக்கே இந்த நிலை என்றால், பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் முள்தகடான கிராம்பானையும் பனிக்கோடரியையும் முதல்நாள் மாலை முதன்முதலாகக் கையில் வாங்கும் பிள்ளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முறையாகக் கற்க நாட்டில் இடங்கள் உள்ளன. டார்ஜிலிங்கில் 1954-லும் உத்தரகாசியில் 1965-லும் தொடங்கப்பட்ட நிறுவனங்கள் ஏறத்தாழ நான்கு வார அடிப்படைப் பயிற்சி அளிக்கின்றன. நமக்கு அருகிலுள்ள விருதுநகர் மாவட்டத்தின் ஜோகில்பட்டியைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023-இல் எவரெஸ்ட்டை எட்டினார். பனியே விழாத மண்ணில் பிறந்தவர்களுக்கும் அது கைகூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நெல்லைக் கல்லூரிகள் தம் தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களில் சிலரையாவது ஆண்டுதோறும் இப்பயிற்சிகளுக்கு அனுப்பி, திரும்பி வந்தவர்களைக் கொண்டு மற்ற மாணவர்களுக்குச் சொல்லித்தரச் செய்யலாம். கோடை விடுமுறைக்கு முன்பாக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கினால் பெற்றோரும் வந்து கேட்பார்கள்.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ பலரைப் பலிகொண்ட பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-இல் வனத்துறை நாற்பது தடங்களை வழிகாட்டிகளோடு முறைப்படுத்தித் திறந்தது. மாநில எல்லையைத் தாண்டிப் போகும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இங்கே ஆள் சேர்த்து அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்கள், சிகரத்தின் உயரத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடாமல், ஒவ்வோர் இரவும் தங்கும் முகாமின் உயரத்தையும், ஓய்வு நாள் எது என்பதையும் விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். அப்படி அச்சிடாதவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் அந்த உயரங்களை எழுதி வாங்கிப் பார்க்க வேண்டும். பயணக் காலம் தொடங்குமுன் இவ்விவரங்களைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை.