வெண்மணிக்கு முந்தைய 25 ஆண்டுகள்

கீழத்தஞ்சை விவசாயச் சங்கங்களின் கிளை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும் வெண்மணியில் கூடுகிறோம். 1968இல் ஒரே குடிசைக்குள் எரிந்துபோன 44 உயிர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறோம். செலுத்தத்தான் வேண்டும். ஆனால் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்கும் துணிவு அந்த மக்களுக்கு எப்படி வந்தது என்பதை நம் மேடைகள் போதுமான அளவு சொல்வதில்லை. அந்தக் குறை என்னை வருத்துகிறது.

1943இல் மன்னார்குடிக்கு அருகே தென்பரையில் விவசாயிகள் சங்கம் உருவானபோது முன்னால் நின்றவர்கள் குத்தகை விவசாயிகள். பண்ணையாட்களை, அதாவது நிலவுடைமையாளரின் பண்ணையில் கட்டுண்டு உழைத்தவர்களை, அதே கொடியின்கீழ் சேர்ப்பதுதான் கடினமான வேலை. நடுவில் சாதி நின்றது. பல இடங்களில் குத்தகைக்காரரிடமே கூலி கேட்க வேண்டியிருந்தது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் சேரிகளுக்குள் போனார், அங்கேயே தங்கினார், அவர்களோடு உண்டார். எடுத்த எடுப்பில் பண்ணையாட்கள் நிலம் கேட்கவில்லை. சவுக்கடி கூடாது, சாணிப்பால் (சாணம் கரைத்த நீர்) புகட்டக் கூடாது, அரசு முத்திரையிட்ட மரக்காலில் நெல்லை அளக்க வேண்டும் என்றார்கள். அன்றாடம் முதுகிலும் வயிற்றிலும் பட்ட கொடுமைகள் அவை. யாரும் விளக்கவுரை தர வேண்டியிருக்கவில்லை.

நிலவுடைமையாளர்களோடு 1944இல் மன்னார்குடி ஒப்பந்தம், 1948இல் மாயூரம் (இன்றைய மயிலாடுதுறை) ஒப்பந்தம். அடக்குமுறையும் கூடவே வந்தது. சங்கத் தலைவர்களில் களப்பால் குப்பு சிறையில் இறந்தார்; வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் 1950இல் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1952இல் வந்த சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குத்தகைக்காரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கை உறுதி செய்தது. மிராசுதார்களோ, அதாவது பெரு நிலவுடைமையாளர்களோ, பண்ணையாட்களை விலக்கி, தினக்கூலிகளாக்கினார்கள். பண்ணையடிமைக்காகக் கட்டப்பட்ட சங்கம் தினக்கூலிக்காரருக்காகத் தன்னை மறுபடியும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வெண்மணியின் அரைப்படிக் கோரிக்கை அந்த இரண்டாவது கட்டுமானத்தில் பிறந்தது.

இன்று கதிர் அறுக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. வேலையின் வடிவம் மீண்டும் மாறிவிட்டது. அன்று சங்கம் எப்படித் தன்னை மாற்றிக்கொண்டது என்று தெரியாமல் நாம் எப்படி மாறப்போகிறோம்?

1944இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அடுத்த டிசம்பருக்குள் ஒவ்வொரு கிளையும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். எஞ்சியிருக்கும் முதியவர்களை, குறிப்பாக நடவுக்குப் போன பாட்டிமார்களை, உட்காரவைத்துப் பேசவிடுங்கள். முதல் கூட்டத்துக்கு யார் கூப்பிட்டது, சந்தா எவ்வளவு, ஆள் வராத நாளில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் கிளை அலுவலகத்தில் வையுங்கள். எழுத ஆள் இல்லாத ஊர்களுக்கு நான் வருகிறேன்.

தோழமையுடன்,
டெல்டாவிலிருந்து ஒரு விவசாயத் தொழிலாளியின் பேத்தி