நெஞ்சு எக்ஸ்ரே கைக்கு வந்ததும்

அன்பு மகள் நிலாவுக்கு,

அடுத்த வாரம் கேஷுவாலிட்டி டியூட்டி என்றாய். இரவு நேரத்தில் நெஞ்சு எக்ஸ்ரேயை நீயேதான் பார்த்து முடிவு சொல்ல வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் பழக்கமாக்கிக்கொள்: கண்ணை இழுக்கிற இடத்தைக் கடைசியில் பார். பளிச்சென்று ஒரு நிமோனியா தெரிந்ததும் தேடுவதை மனம் நிறுத்திவிடும். அதே படத்தில் முறிந்த விலா எலும்பு இருந்தாலும் கண்ணில் படாது.

முதலில் பெயர், தேதி, இடது வலது குறி. குறியைப் பார்க்காமல் இதயம் வலப்பக்கம் என்று எழுதிவிடாதே, படமே திரும்பியிருக்கலாம். பிறகு பிஏ-யா (கதிர் முதுகுப்பக்கமிருந்து வருவது), ஏபி-யா (முன்பக்கமிருந்து வருவது) என்று பார். படுத்திருப்பவருக்குப் போர்ட்டபிளில் எடுப்பது ஏபி. அதில் இதயம், படம் பதியும் கேசட்டை விட்டுத் தள்ளியிருப்பதால் பெரிதாகத் தெரியும். நெஞ்சின் அகலத்தில் பாதியைத் தாண்டினால் இதயம் வீங்கியிருக்கிறது என்ற கணக்கு பிஏ-க்குத்தான் பொருந்தும்.

மூச்சை நன்றாக இழுத்திருந்தால் உதரவிதானத்துக்கு மேலே முன்பக்க விலா 6, பின்பக்க விலா 9 அல்லது 10 எண்ணலாம். குறைந்தால் நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கி, இல்லாத நிமோனியாவைக் காட்டும். காறை எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்பின் நடு முள்ளிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா பார். இல்லையென்றால் ஆள் திரும்பி நின்றிருக்கிறார். மூச்சுக்குழாய் விலகியதுபோலத் தெரிவது அதனால்கூட இருக்கும்.

இனி மூச்சுக்குழாய், ஹைலம் (ரத்தக்குழாய்களும் மூச்சுக்கிளைகளும் நுரையீரலுக்குள் நுழையும் இடம்), இதயம், நுரையீரல், உதரவிதானம், எலும்பு, தோல்பகுதி. எந்த வரிசையானாலும் தினமும் அதே வரிசை. ஹைலத்தில் இடதுதான் சற்று உயரம். வலது மேலே இருந்தால் ஏதோ இழுக்கிறது அல்லது தள்ளுகிறது. நுரையீரலை மேல், நடு, கீழ் என்று இருபக்கமும் ஒப்பிட்டுக்கொண்டே இறங்கு.

விளிம்புகளை நம்பு. காற்றும் தசையும் உரசும் இடத்தில்தான் கோடு தெரியும். நுரையீரலில் சீழோ நீரோ நிறைந்தால் அந்தக் கோடு அழிந்துவிடும். இதயத்தின் வலது விளிம்பு அழிந்தால் வலது நுரையீரலின் நடு லோப் (மடல்), இடது விளிம்பு என்றால் லிங்குலா (இடது மேல் லோப்பின் நாக்குப் போன்ற பகுதி), உதரவிதானக் கோடு என்றால் கீழ் லோப்.

தவறுவது பெரும்பாலும் மறைவான இடங்களில். காறை எலும்புக்குப் பின்னால் நுரையீரல் உச்சி, நம் ஊரில் காசநோய்க்கு அங்கேதான் முதலில் தேட வேண்டும். இதயத்துக்குப் பின்னால் சுருங்கிய இடது கீழ் லோப் முக்கோணமாக ஒளிந்திருக்கும். வலது உதரவிதானத்துக்கு அடியில் பிறைபோல் காற்று தெரிந்தால் குடலோ இரைப்பையோ ஓட்டை விழுந்திருக்கலாம். அது தெரிய நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இடப்பக்கம் இரைப்பைக் காற்று குழப்பும்.

விலாவும் உதரவிதானமும் சேரும் ஓரக் கோணம் மழுங்க ஏறத்தாழ 200 மில்லி நீர் சேர வேண்டும். அதனால் கோணம் கூர்மையாக இருப்பதை வைத்து நீரே இல்லை என்று எழுதாதே. நியூமோதோராக்ஸில் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்த நிலை) மெல்லிய கோட்டுக்கு வெளியே ரத்தக்குழாய்கள் இருக்காது; தோல் மடிப்பென்றால் கோட்டைத் தாண்டியும் தொடரும். மூச்சு திணறி, பிரஷர் இறங்கி, டென்ஷன் (அந்தக் காற்றின் அழுத்தம் ஏறி இதயத்தை நெருக்குவது) என்று சந்தேகம் வந்தால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்காதே.

பழைய படம் இருந்தால் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்.

இரவில் அதிகம் வரும் கேள்வி, "ரைல்ஸ் டியூப் போட்டாச்சு, ஃபீட் கொடுக்கலாமா டாக்டர்?" என்பதுதான். மூக்கு வழியாக இரைப்பைக்குப் போடும் அந்த டியூப் நடுக்கோட்டிலேயே இறங்கி, மூச்சுக்குழாய் பிரியும் இடத்தை நேராகக் கடந்து, உதரவிதானத்துக்குக் கீழே போய் இடப்பக்கம் திரும்ப வேண்டும். நுனி படத்தில் தெரியவில்லையென்றால் கொடுக்க வேண்டாம் என்று சொல், இன்னொரு படம் எடுக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா