பப்பாளி வாங்கிய மகனுக்கு

அன்புள்ள கண்ணு,

போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஹூஸ்டன் கடையில் வாங்கிய பப்பாளி சப்பென்று இருந்தது என்றாயே, நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சுரைக்காய் நீளத்துக்கு இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து வருகிற மரடோல் ரகம் போலிருக்கிறது. பழத்தின் மேல் குற்றமில்லை. பச்சையாக இருக்கும்போதே கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாய். குளிரில் போட்ட காய் அப்புறம் ஒழுங்காகப் பழுக்காது. செய்தித்தாளில் சுற்றி வெளியே வை. தோல் முக்கால்வாசி மஞ்சளாகி, காம்புப் பக்கம் அமுக்கினால் லேசாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்.

வெட்டுவதற்கு முன் தோலை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவு. தோலைத்தான் சாப்பிடப் போவதில்லையே என்று விட்டுவிடாதே. தோலில் இருப்பதைக் கத்திதான் உள்ளே இழுத்துப் போகும். 2017-லும் 2019-லும் மெக்சிகோ பப்பாளி மூலம் உங்கள் அமெரிக்காவில் சால்மொனெல்லா என்கிற கிருமி பரவி நிறையப் பேர் படுத்தார்கள். வாசனை பிடிக்கவில்லை என்றால் எலுமிச்சை பிழிந்து, துளி உப்பும் மிளகுத்தூளும் தூவு. அந்த ஒரு மாதிரி வாடை அடங்கிவிடும்.

இப்போது உங்கப்பா. யார் எதை அனுப்பினாலும் குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறார். பப்பாளி சகல நோயும் தீர்க்கும் என்று அவர் போட்டதை நம்பாதே, அதற்காகப் பழத்தையும் ஒதுக்காதே. நூறு கிராம் பழத்தில் 43 கலோரிதான். வைட்டமின் சி ஏறக்குறைய 60 மில்லிகிராம், எடைக்கு எடை ஆரஞ்சுப் பழத்தைவிடக் கொஞ்சம் அதிகம். பழத்துக்கு நிறம் கொடுப்பது கரோட்டின், அதிலிருந்துதான் உடம்பு வைட்டமின் ஏ எடுத்துக்கொள்கிறது. சிவப்புச் சதை என்றால் தக்காளியில் இருக்கும் லைக்கோபீனும் சேர்த்தி. காலையில் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் உன் மலச்சிக்கலுக்கு நல்லது. அந்த வேலையைச் செய்வது முக்கியமாக நாரும் நீரும். பப்பாயின் என்கிற என்சைம் கறியைக் கரைக்கும், ஆகவே விருந்துக்குப் பின் பப்பாளிப் பழம் சாப்பிடு என்கிறார்களே, அதில் பாதிதான் உண்மை. பப்பாயின் இருப்பது காயின் பாலில். பழுக்கப் பழுக்க அது பெரும்பாலும் போய்விடும். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்திய புத்தி, விடமாட்டேன் என்கிறது!

காயின் பால் என்றதும் நம் பக்கத்துத் தோட்டங்கள்தான் ஞாபகம் வருகின்றன. காலையில் வெயில் ஏறுவதற்குள் ஆட்கள் முற்றிய காய்களில் மெல்லிய கீறல்கள் போடுவார்கள். பால் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஏந்திப் பிடித்து உலர்த்தி ஆலைக்கு அனுப்புவார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதற்கு ஏற்றபடி கோ 2, கோ 5, கோ 6 என்று ரகங்கள் கொடுத்திருக்கிறது. பால் பட்டால் கை அரிக்கும். ரப்பர் கையுறை போட்டால் யாருக்காவது தடிக்கிறதென்றால், பப்பாளியும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஞாபகம் வைத்துக்கொள்.

முற்றல் ஆட்டுக்கறி வாங்கி வந்தால் அந்தப் பால்தான் கைகொடுக்கும். காயைத் தோலோடு அரைத்து, அரைக் கிலோ கறிக்கு ஒரு ஸ்பூன் பிசறி அரை மணி வை. ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கறி கறியாக இருக்காது, கூழாகிவிடும்.

மாசமாக இருக்கிற மருமகள் பப்பாளி சாப்பிடலாமா என்று நீ கேட்டது எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நடுவில் பஞ்சாயத்து வைப்பது மாதிரிதான். நான் படித்ததைச் சொல்கிறேன். 2002-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பச்சைக்காயின் பால் எலியின் கருப்பையைச் சுருங்க வைத்தது. நன்றாகப் பழுத்த பழத்தின் சாறு அப்படிச் செய்யவில்லை. எலிக்கு நடந்தது அப்படியே மனுஷிக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் காய், செங்காய் இரண்டும் வேண்டாம். செங்காயிலும் பால் இருக்கும். கனிந்த பழம் பற்றி அவளுடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் சரி என்ற பிறகும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதே. கொய்யாவும் ஆரஞ்சும் இருக்கின்றன. சம்பந்தியம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இலைச் சாறு பற்றியும் அப்பா எழுதியிருப்பார். 2012-ல் டெங்கு பரவியபோது நம் அரசாங்கமே நிலவேம்புக் குடிநீரோடு பப்பாளி இலைச் சாற்றையும் சொன்னதால் அவருக்கு அதில் ஒரு பிடிப்பு. சில ஆய்வுகளில் ரத்தத்தில் தட்டணுக்கள் ஏறியிருக்கின்றன. ஆனால் டெங்குவில் ஆளைக் காப்பாற்றுவது, உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வதும், ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் இருப்பதும்தான். சாற்றை நம்பி யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

விதையைத் தூக்கிப்போடும் முன் ஒன்றைக் கடித்துப் பார். மிளகு மாதிரியே காரம். காயவைத்து மிளகோடு கலந்து விற்கிற புண்ணியவான்கள் இங்கே உண்டு. சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் மிளகைப் போட்டுப் பார்ப்பேன். நல்ல மிளகு அடியில் இறங்கும், பப்பாளி விதை மிதக்கும். கேக்கில் சிவப்பும் பச்சையுமாக வருமே டூட்டி ஃப்ரூட்டி, அதுவும் பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய்தான். சின்ன வயதில் காய்க் கூட்டு வேண்டாம் என்று அழுதுவிட்டு அதைப் பொறுக்கித் தின்றவன் நீ.

இப்போது அதே கூட்டைக் கேட்கிறாய். இந்தியக் கடையில் பச்சைக்காய் கிடைத்தால் வாங்கு. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோல் சீவி, துண்டுகளை உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடு. பாசிப்பருப்பை முக்கால் பதம் வேகவைத்து, காயையும் மஞ்சளையும் சேர். காய் வெந்ததும் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி விடு. தாளிப்புக்குத் தேங்காய் எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை. மருமகளுக்கு அன்றைக்குச் சுரைக்காயில் தனியாகச் செய்துவிடு. அங்கே புதுத் தேங்காய் சரியில்லை என்றால் ஃப்ரீசரில் விற்கும் துருவலே போதும், வெந்நீரில் போட்டு எடுத்து அரை.

அன்புடன்,
அம்மா