மீன்கார அக்காவுக்கும் தெருவில் உள்ள எல்லோருக்கும்

எங்கள் தெருவுக்கும் பின்தெருவுக்கும் வணக்கம்.

எங்கள் கோழி செவலைக்கு என்ன ஆனது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுத இன்னும் மனம் வரவில்லை. பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அதைச் சொல்லவும் நன்றி சொல்லவும்தான் இந்த மடல்.

முதல் நன்றி, சந்தையில் மீன் விற்கும் அக்காவுக்கு.

இறந்த கோழியை அறுத்துப் பார்த்தால்தான் காரணம் தெரிய வாய்ப்பு உண்டு, கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள் என்றார் மருத்துவர். ஆனால் உடல் கெடாமல் போய்ச் சேர வேண்டுமே. கோழிக்கு உடல் சூடே 41 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டை இறகு வெளியே விடாது, அதனால் உயிர் போன பிறகும் உள்ளே வெகுநேரம் வெப்பம் தங்கும். குடல் முதலில் அழுகிவிடும். சரி, ஃப்ரீசரில் வைக்கலாமா என்றால் அதுவும் கூடாது. உறையும்போது சதைக்குள் இருக்கும் நீர் பனியாகித் திசுக்களைக் கிழித்துவிடும். பிறகு நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு நோய் செய்த சேதம் எது, பனி செய்த சேதம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. உறையாமல் சில்லென்று, 4 டிகிரி வாக்கில் வைத்து, ஒரு நாளுக்குள் சேர்க்க வேண்டும்.

ஐஸ் கேட்டுத்தான் அக்காவிடம் போனது. அவர் தெர்மாகோல் பெட்டியையே எடுத்து வைத்தார். நோய்வாய்ப்பட்ட கோழி, இந்தப் பெட்டியைத் திரும்ப மீனுக்கு வைக்க முடியாது என்று சொன்ன பிறகும் எடுத்த பெட்டியை உள்ளே வைக்கவில்லை. “கெடாம போய்ச் சேரணும், அவ்வளவுதானே” என்றார். ஒரு கோழிக்கா இவ்வளவு என்று அன்று பலர் கேட்டார்கள். அவர்கள் மேல் வருத்தமில்லை. ஆனால் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது நெஞ்சில் நிற்கிறது.

அவர் கட்டிய முறையை எழுதி வைக்கிறோம், நாளை யாருக்காவது உதவும். மருத்துவர் சொன்னபடி, கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, சோப்பு கலந்த குளிர்ந்த தண்ணீரில் இறகைத் தோல்வரை நனைத்தாயிற்று. வெறும் தண்ணீர் இறகில் ஒட்டாமல் வழிந்துவிடும், சோப்பு கலந்தால்தான் உள்ளே இறங்கும். பிறகு இரண்டு கவர், ஒன்றுக்குள் ஒன்று, தனித்தனி முடிச்சு. மற்றதெல்லாம் அக்காவின் கைவேலை. உடைத்த ஐஸைச் சின்னச் சின்னக் கவர்களில் கட்டினார். உருகும் தண்ணீர் உடலில் ஊறினால் சதை வெளுத்துவிடும், மீனுக்கும் அப்படித்தானாம். அடியில் ஐஸ், நான்கு பக்கமும் ஐஸ், மேலேயும் ஐஸ். இடையில் செய்தித்தாள். மிச்ச இடத்தில் காகிதத்தைக் கசக்கித் திணித்தார், ஏனென்றால் பெட்டிக்குள் காற்று நின்றால் ஐஸ் சீக்கிரம் உருகும். தண்ணீர் வடிய மீன்பெட்டியில் ஒரு துளை இருக்கும். அதை டேப் போட்டு அடைத்தார், போகும் வழியில் ஒரு சொட்டும் சிந்தக் கூடாது என்று. வஞ்சிரம் மீனை எப்படி அடுக்குவாரோ, அதே கவனம்.

உடல் நல்ல நிலையில் வந்திருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். அந்தப் பாராட்டு அக்காவுக்குரியது.

முடிவு இதுதான்: காரணம் தெரியவில்லை. வெள்ளைக்கழிச்சல் (கோழிக்கழிச்சல் என்பதும் இதுதான்) என்றால் இரைப்பையின் உட்சுவரில் பெரும்பாலும் ரத்தப் புள்ளிகள் தெரியும், அது இல்லை. முட்டை அடைப்பு இல்லை, தீனிப்பையில் அடைப்பு இல்லை, குடலில் புழு இல்லை, கால் நரம்புகளில் வீக்கம் இல்லை. ஏன் போனாள் என்ற கேள்வி எங்களை விட்டுப் போகாது. ஆனாலும் இந்த “இல்லை”கள் ஒவ்வொன்றும் உங்கள் வீட்டுக் கோழிகளைப் பற்றிய பயத்தைக் குறைக்கின்றன. உடல் கெட்டுப்போயிருந்தால் இதைக்கூடச் சொல்லியிருக்க முடியாது.

மருத்துவருக்கு நன்றி. செவலை முடியாமல் கிடந்தபோது, தண்ணீரை நேராக வாய்க்குள் ஊற்றினால் நாக்குக்குப் பின்னால் இருக்கும் மூச்சுத்துளைக்குள் போய்விடும், ஊசி இல்லாத சிரிஞ்சால் அலகின் ஓரத்தில் சொட்டு சொட்டாக வையுங்கள், அவளே விழுங்கட்டும் என்று பொறுமையாகக் காட்டித் தந்தார். விடியற்காலையில் தீனிப்பை காலியாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொன்னதும் அவரே. கதகதப்புக்கு 60 வாட் குண்டு பல்பு தந்த வீட்டுக்கும், தனியே வைக்கக் கூண்டு தந்தவர்களுக்கும், கம்பங்கூழ் கரைத்துத் தந்த பாட்டிக்கும், கூப்பிட்டதும் ஆட்டோ கொண்டுவந்த தம்பிக்கும், செவலையைத் தினமும் வந்து பார்த்துப்போன பிள்ளைகளுக்கும் நன்றி.

ஒன்று மட்டும் எல்லோரும் நினைவில் வையுங்கள். ஒரே நேரத்தில் பல கோழிகள் திடீரென்று செத்தால் யாரும் தொட வேண்டாம், எங்கும் எடுத்துச் செல்லவும் வேண்டாம். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

எங்கள் கூட்டைச் சுரண்டி, எச்சம் எல்லாம் போகச் சோப்பு நீரில் கழுவி, அதன் பிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்திருக்கிறோம். அழுக்கின் மேல் தெளித்தால் மருந்து அழுக்கிலேயே செத்துவிடும். இப்போது வெயிலில் காய்கிறது. வேறு கோழி வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

அக்காவுக்குப் புதுப் பெட்டி வாங்கியாயிற்று, அடுத்த சந்தையன்று கொண்டுபோய்க் கொடுப்போம். பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் வரும்போது இந்த இரண்டு தெருக் கோழிகளையும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு எங்களுடையது. முதல் நாள் இரவே கோழிகளைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் திறந்துவிட்டால் ஒன்றும் கைக்கு அகப்படாது.