நம்பிக்கை மருந்துக்கு மாற்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

‘மனம் தேறினால் உடல் தேறும்’ என்ற தங்கள் ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். மனநிலைக்கும் காயம் ஆறுவதற்கும் தொடர்பு உண்டு என்பது உண்மையே. மறதி நோயுற்ற உறவினரைப் பராமரித்து மன அழுத்தத்தில் இருந்த பெண்களுக்குச் சிறு தோல் காயம் ஆற, மற்றவர்களைவிடச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனதை 1995இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆனால், நம்பினால் எந்த நோயும் தீரும் என்று கட்டுரையை முடித்திருப்பது ஆபத்தானது. நம்பிக்கை வலியைத் தணிக்கும், இன்சுலினுக்கு ஈடாகாது. குணமாகாதவரைப் பார்த்து ‘உனக்கு மன உறுதி போதவில்லை’ என்று பழிக்கவும் இப்பேச்சு இடம் கொடுத்துவிடுகிறது. நோயோடு போராடுபவர் தலையில் அந்தப் பழியையும் ஏற்றுவது கொடுமை.

மீன்பிடித் தொழில் செய்த என் மாமாவுக்கு உள்ளங்காலில் சர்க்கரைப் புண். மருந்து கட்டப் போவதைத் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் செவிலியர் ஒருவர் கட்டைப் பிரித்ததும் புண்ணைக் கைப்பேசியில் படமெடுத்து, ஓரத்தில் சிவப்பாகத் துளிர்த்திருந்த புதுச்சதையைக் காட்டி, “ஐயா, ஆறத் தொடங்கிவிட்டது, பாருங்கள்” என்றார். அதன்பிறகு மாமா ஒருமுறையும் தவறவில்லை. ஊசியையும் வேளாவேளைக்குப் போட்டுக்கொண்டார். கடலூர், புதுச்சேரி அரசு மருத்துவமனைகளில் கட்டுப் போடும்போதே புண்ணின் நிலையை நோயாளிக்கு எளிய தமிழில் விளக்குவதை நடைமுறையாக்க வேண்டும். அதற்கு நேரம் கிடைக்கும்படி செவிலியர் எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும்.

– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்