உனக்குள் மாடு எதுவும் இல்லை

அன்புள்ள முத்து,

உன் கடிதமும் அதோடு மடித்து வைத்திருந்த ஸ்கேன் அறிக்கையின் நகலும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. தலைசுற்றல், காதுக்குள் துகள் இடம் மாறியதால் வந்தது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தலையை அப்படி இப்படித் திருப்பிச் சரியும் செய்துவிட்டார். அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அறிக்கையின் நான்காவது வரியில் ‘போவைன் ஆர்ச்’ என்று எழுதிவைத்து, அது என்னவென்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். பேரன் அகராதியைப் புரட்டி ‘மாட்டு வளைவு’ என்று சொல்ல, தங்கை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்கிறாய். முப்பது வருடம் உடற்கூறியல் பாடம் நடத்தியவன் நான் இருக்கிறேனே, ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? கடிதம்தான் எழுதுவேன் என்ற உன் பிடிவாதம் இன்னும் போகவில்லை.

வாய்க்காலும் மதகுமாகக் காலம் கழித்தவன் நீ. உன் பாஷையிலேயே சொல்கிறேன். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி மேலே ஏறி, இடப்பக்கமாக வளைந்து கீழே இறங்குகிறது. அந்த வளைவின் முதுகில் மூன்று மதகு. முதலாவது சற்றுத் தூரம் போய் இரண்டாகப் பிரிந்து வலது கைக்கும் கழுத்தின் வலப்பக்கத்துக்கும் பாய்கிறது. இரண்டாவது கழுத்தின் இடப்பக்கத்துக்கு, மூன்றாவது இடது கைக்கு. புத்தகத்தில் இருக்கும் படம் இதுதான். ஏறக்குறைய 4 பேரில் 3 பேருக்குத்தான் அந்தப் படம் பொருந்தும். உனக்கு முதல் இரண்டும் ஒரே மதகிலிருந்து கிளம்புகின்றன, அவ்வளவே. 100 பேரில் 10 பேருக்கு மேல் இப்படி உண்டு. கடைமடையில் தண்ணீர் குறைவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், மாட்டுக்கு இப்படி இல்லவே இல்லை. அதன் வளைவிலிருந்து ஒரே ஒரு பெரிய தண்டுதான் கிளம்பும். இரண்டு முன்னங்கால்களுக்கும் கழுத்தின் இரு பக்கங்களுக்கும் அதுவே பிரிந்து போகும். மாட்டைச் சரியாகப் பார்க்காமல் வைத்த பெயர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2006-இல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் சிலர் இது தவறான பெயர் என்று ஒரு கட்டுரையே எழுதினார்கள். அறிக்கை எழுதுகிறவர்கள் விட்டபாடில்லை.

இந்த வித்தியாசமெல்லாம் தாய் வயிற்றிலேயே முடிவாகிவிடுகிறது. நான்கைந்து வாரக் கருவின் கழுத்தில், மீனின் செவுளுக்குப் போவதுபோல ஜோடி ஜோடியாகத் தமனி வளைவுகள் தோன்றும். சில தூர்ந்துபோகும், சில தங்கும். மூன்றாவது ஜோடி கழுத்துத் தமனிகளாகும். நான்காவதில் இடது வளைவு பெருந்தமனியோடு சேரும். வலது வளைவு வலது கைத் தமனியின் தொடக்கமாகும். அந்த வலது வளைவு தூர்ந்துபோனால் ரத்தம் சுற்றுவழியில் போகும்.

அப்படி ஒன்றை எம்.பி.பி.எஸ். முதலாண்டிலேயே பார்த்தேன். இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் வகுப்பில் எங்கள் மேசைக்கு வந்தவர் ஒரு கிழவர். வலது கைத் தமனி கிளம்ப வேண்டிய இடத்தில் அதைக் காணோம். நானே அறுத்துத் தொலைத்துவிட்டேன் என்று வியர்த்துவிட்டது. ஃபார்மலின் நெடியில் கண் எரிய, இடுக்கியால் கொழுப்பை விலக்கி விலக்கித் தேடினேன். கடைசியில் உணவுக்குழாய்க்குப் பின்னால் விரலை விட்டபோது, பென்சில் கனத்தில் ஒரு குழாய் குறுக்கே தட்டுப்பட்டது. வளைவின் கடைசிக் கிளையாக இடப்பக்கம் கிளம்பி, உணவுக்குழாய்க்கும் முதுகெலும்புக்கும் நடுவே புகுந்து வலது கைக்குப் போயிருந்தது. 100 பேரில் ஒருவருக்கு இருக்கலாம். ஆசிரியர் வகுப்பையே வரிசையில் நிறுத்திப் பார்க்கவைத்தார். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் டேவிட் பேஃபர்டு என்ற மருத்துவர், வருடக்கணக்கில் விழுங்க முடியாமல் மெலிந்து இறந்த ஒரு பெண்மணியின் உடலில் இதைக் கண்டு, ‘இயற்கையின் விளையாட்டு’ என்று லத்தீனில் எழுதிவைத்த கதையையும் சொன்னார். அதனால் இன்றும் அந்தத் தமனிக்கு லூசோரியா என்று பெயர்.

பெரும்பாலோருக்கு அது ஒரு தொல்லையும் தருவதில்லை. எங்கள் கிழவருக்குச் சோறு இறங்கியதா, அடைத்ததா? கேட்டால் சொல்ல ஆள் இல்லாமல் அநாதையாக வந்தவர். அது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மகள் அறுவைச் சிகிச்சை மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டு. போன வாரம் முதன்முறையாகத் தனியாக ஒருவருக்கு மூச்சுக்குழாயில் துளையிட்டாளாம். சிலருக்குத் தைராய்டுக்குப் போகும் உபரித் தமனி ஒன்று மூச்சுக்குழாயின் முன்னாலேயே ஏறும். தெரியாமல் கத்தி பட்டால் ரத்தம் கொட்டிவிடும். “விரல் வைத்துத் துடிப்பு இருக்கிறதா என்று பார்த்தாயா?” என்று போனில் கேட்டேன். “பார்த்தேன் அப்பா, பாடத்தை ஆரம்பித்துவிடாதீர்கள்” என்று வைத்துவிட்டாள்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அறிக்கையைத் தூக்கிப் போடாமல் ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வை. நாளைக்கு மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்திக் கழுத்துத் தமனிக்குப் போக வேண்டிவந்தால், அந்த மருத்துவரிடம் முதலில் இதைக் காட்டு. வளைவு எப்படி என்று முன்கூட்டியே தெரிந்தால் உள்ளே போய்த் தடவிக்கொண்டிருக்க மாட்டார்.

என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. தை பிறந்ததும் வருகிறேன். வாசல் திண்ணையை இடித்துவிடவில்லையே? மாட்டுக்கே அந்த வளைவு கிடையாது என்று தங்கையிடம் சொல், சிரித்தாளா என்று எழுது.

அன்புடன்,
ராமு